ஏழில் பாதி எவ்வளவு?

போன மாதம் ஒரு மத்தியானம் பிரவீன் போன் செய்தான். நான் இருபது வருடத்துக்குக் குறையாமல் வேலை பார்த்த விழுப்புரம் ஆர்க்கெஸ்ட்ராவில் இப்போது லேப்டாப்புக்குப் பொறுப்பு அவன்தான். சாப்பிட்டீர்களா, முட்டிவலி எப்படி என்று விசாரிக்கிற வழக்கமெல்லாம் அவனிடம் கிடையாது. எடுத்தவுடனே விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, நீங்க எழுதின ரிதம் ப்ரோக்ராம்ல தாளச் சுத்த ரெண்டால வகுக்கிற எடத்துல, ஒரு டாலர் குறி போட்டுப் பக்கத்துல ஃப்ளோட்டுன்னு எழுதிக்கிறீங்களே, அது எதுக்குக்கா? எடுத்துட்டாலும் ஓடுது. ஒரு எர்ரரும் வரல."

"எடுத்துட்டியா?"

"இல்லக்கா. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டேன் என்கிறவர்களை நான் நம்புவதில்லை. "அதுல கைய வெக்காதே" என்றேன். "ஏன்க்கா?" என்றான். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? அந்த ஒரு குறிக்குப் பின்னால் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவின் மானம், ஒரு பெண்ணின் பாட்டு, ஒரு மனிதரின் பிடிவாதம் எல்லாம் கிடக்கின்றன. "அப்ப எழுதிக் குடுங்கக்கா, படிச்சிக்கிறேன்" என்றான். ஓய்வுபெற்ற எனக்கு வேறு என்ன வெட்டி முறிக்கிற வேலை இருக்கிறது? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் சேர்ந்தது 1993-இல். கணக்கில் டிகிரி, பள்ளிக்கூட ஆர்மோனியத்தில் பழகிய விரல்கள், இரவல் கீபோர்டு. இவ்வளவுதான் என் தகுதி. முதல் ஒரு வருடம் இடைவெளியில் மட்டும் இரண்டு விரலால் வாசிக்க விட்டார்கள். அடுத்த வருடம் பத்து விரலுக்கும் அனுமதி கிடைத்தது. கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து என்று ஜில்லா முழுக்கச் சுற்றினோம். எங்கள் வேனுக்கு வழி தெரியாத ஊர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இல்லை. கற்றுக்கொண்ட கதை இவ்வளவு போதும், மாஸ்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால்தான் எதுவும் புரியாது.

குழுவை நடத்தியவர் கோதண்டம் மாஸ்டர். ஒரு ஆலையில் ஒயர்மேனாக இருந்து, அதை விட்டுவிட்டுப் பாட்டுக்கு வந்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லைன் டெஸ்டர். கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற, உள்ளே சின்ன விளக்கு வைத்த அந்த ஸ்க்ரூ டிரைவர்தான். மற்ற குழுத் தலைவர்கள் கையை ஆட்டித் தாளம் காட்டுவார்கள். எங்கள் மாஸ்டர் டெஸ்டரை ஆட்டுவார்.

அவர் யாரையும் திட்டியதில்லை. தப்பு என்று வாய் திறந்து சொன்னதும் இல்லை. யார் பிசகினார்களோ அவர்கள் பக்கம் டெஸ்டரை நீட்டுவார். அவ்வளவுதான். நீட்டப்பட்டவர் திரும்பி வரும்போது வேனில் முன் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிசகிய இடத்தை வீடு வரும்வரை தனியாகப் பாடிக்கொண்டோ தட்டிக்கொண்டோ வர வேண்டும். டிரைவருக்கு எங்கள் பாட்டுகளில் உள்ள கஷ்டமான இடங்கள் அத்தனையும் மனப்பாடம்.

மேடைக்குப் போனதும் அவர் செய்கிற முதல் வேலை எர்த் கம்பி. மேடைக்குப் பின்னால் இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, உப்புத்தண்ணீர் ஊற்றி, ஒயரை முறுக்கி, ஒவ்வொரு மைக் ஸ்டாண்டையும் டெஸ்டரால் தொட்டுப் பார்த்த பிறகுதான் எங்களை ஏற விடுவார். அடுத்து மைக் சோதனை. ஊரெல்லாம் "ஹலோ, ஒன் டூ த்ரீ" என்று சொல்லிப் பார்ப்பார்கள். இவர் "விக்கிரவாண்டி, விக்கிரவாண்டி" என்பார். அந்த ஒரு ஊர்ப் பெயரிலேயே உதடு, தொண்டை, மூக்கு எல்லாம் வந்துவிடுகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் இப்படிச் சோதித்தபோது, "எங்க ஊருக்கு வந்து எதுக்குய்யா வேற ஊரு பேரச் சொல்ற?" என்று பஞ்சாயத்து வைத்துவிட்டார்கள்.

அனந்தபுரம் கச்சேரியில் கிட்டார் வாசிக்கிறவர் பாட்டு முழுக்கத் துள்ளித் துள்ளி வாசித்தார். மாஸ்டர் டெஸ்டரோடு அவர் பக்கம் போனவர், என்ன தோன்றியதோ, அவருக்கு முன்னால் இருந்த மைக் ஸ்டாண்டைத் தொட்டார். விளக்கு எரிந்தது. யாரோ எர்த் ஒயரைக் காலால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். மாஸ்டர் அப்படியே மெயினை நிறுத்தி, ஊர்க்காரர்கள் கத்தினாலும் கேட்காமல், மறுபடி கம்பி அடித்து முடித்த பிறகுதான் பாட்டைத் தொடங்கினார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு: விளக்கு எரிந்தால் தப்பு கரண்டு மேல், எரியாவிட்டால் தப்பு ஆள் மேல். கிட்டார்காரர் அதன்பிறகு டெஸ்டர் தன் பக்கம் வரும்போதெல்லாம் அது எரிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் எங்கள் தபேலா ஆறுமுகம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். புது ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்தது. விழுப்புரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், இசைக்கென்றே யாரோ உருவாக்கி இலவசமாகப் போட்டிருந்த ஒரு நிரல்மொழியை இறக்கிக்கொண்டேன். நாம் வரிகளாக எழுத எழுத அது ஒலியாக வாசிக்கும். நானே எழுதி, நானே கேட்டு, நானே தலையில் அடித்துக்கொண்டு ஆறு மாதத்தில் அதை ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். பெட்டி, பானை மாதிரியான மானிட்டர், அதற்கொரு யுபிஎஸ் எல்லாவற்றையும் கம்பளியில் சுற்றி வேனில் என் மடியில் வைத்துக்கொண்டு போவேன். பிரசவத்துக்குப் போகிற வண்டி மாதிரி டிரைவர் மெதுவாக ஓட்டுவார்.

இப்போது பிரவீன் கேட்ட சங்கதிக்குக் கொஞ்சம் வருகிறேன். அந்த மொழியில் எண்களுக்கு ஜாதி உண்டு. முழு எண் ஒரு வகை, அதற்கு இன்ட் என்று பெயர். புள்ளி வைத்த எண் இன்னொரு வகை, அது ஃப்ளோட். காலத்துக்குத் தனி வகை. ஒரு வகையை இன்னொன்றாக மாற்ற வேண்டுமானால், அந்தப் பொருளுக்குப் பின்னால் டாலர் குறி போட்டு வேண்டிய வகையின் பெயரை எழுத வேண்டும். முழு எண்ணைப் புள்ளி எண் இருக்க வேண்டிய இடத்தில் கொடுத்தால், அதுவே சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். ஆனால் புள்ளி எண்ணை முழு எண் இடத்தில் திணித்தால் முரண்டு பிடிக்கும். இழப்பு வரும், தெரிந்துதான் செய்கிறாயா, அப்படியானால் நீயே டாலர் போடு என்கிற நியாயம்.

போட்டால் என்ன ஆகும்? புள்ளிக்குப் பின்னால் இருப்பது போய்விடும். மூன்றரையும் மூன்றாகும், மூன்றே முக்காலே அரைக்காலும் மூன்றுதான். பக்கத்து எண்ணுக்கு ஏற்றிவிடுகிற தாட்சண்யமெல்லாம் அதற்குக் கிடையாது. சந்தையில் முழுப் படியாக மட்டுமே அளக்கிற மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி ஒருவன் இருந்து, படிக்குக் குறைந்து மிஞ்சியதைத் தானும் எடுக்காமல் நமக்கும் தராமல் தரையில் கொட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால், விடையும் முழு எண்ணாகத்தான் வரும். அங்கே டாலரும் இல்லை, முரண்டும் இல்லை. மீதியைச் சொல்லாமல் கொட்டிவிடும்.

நான் முதலில் எழுதியபோது எல்லாவற்றையும் புள்ளி எண்ணாகத்தான் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரின் முதல் கச்சேரி காணையில். வேகம் நூற்றிருபது என்று அடிக்க வேண்டிய இடத்தில் விரல் தவறிப் புள்ளி முன்னால் விழுந்து பன்னிரண்டு புள்ளி சுழியம் ஆகிவிட்டது. குத்துப்பாட்டு. முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடி வருவதற்குள் முன் வரிசையில் ஆடத் தயாராக ஒரு காலைத் தூக்கியவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஒரு பெரியவர், "கரண்டு லோ வோல்டேஜுப்பா" என்று எங்களுக்காகப் பரிந்து பேசினார். சாப்பாடு தயார் என்று யாரோ சொல்ல, கூட்டம் எழுந்து போய்விட்டது.

வேனில் மாஸ்டர் வாய் திறந்தார்.

"இன்னா ஆச்சி?"

"ஒரு புள்ளி மாஸ்டர்."

"இனிமே புள்ளி வெச்ச நம்பர் எதுவும் என் மேடைக்கு வரக்கூடாது."

"மாஸ்டர், அது வந்து..."

"முழுசா இருந்தா வை. இல்லன்னா வைக்காத."

அவ்வளவுதான் சட்டம். ப்ரோக்ராமில் இருந்த அத்தனை எண்ணையும் இன்ட் ஆக்கினேன். நாலு எண்ணிக்கைப் பாட்டு, ஆறு, எட்டு எல்லாம் ஒழுங்காக ஓடியது. மாஸ்டர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் "புள்ளி இல்லாம எப்டி ஓடுது பாத்தியா" என்பது போல டெஸ்டரைத் திருகிக்கொண்டே போவார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பாடகி குமுதாவின் விவகாரம். குமுதாவுக்கு மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அப்பா இல்லை. அண்ணன் சேகர் கடலுக்குப் போகிறவர். தங்கச்சி மேடையில் பாடுவதில் அவருக்குப் பாதி பெருமை, பாதி கூச்சம். அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் மொபெட்டில் வந்து நிற்பார். மாஸ்டரைப் பார்த்து "எப்டி?" என்று மட்டும் கேட்பார். மாஸ்டர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் அடுத்த கச்சேரிக்கு அனுமதி. "பெரிய மனுசன் சரின்னா சரி, இல்லன்னா வூட்டோட இருக்கட்டும், கடலூர்ல மாமன் பையன் கேட்டுக்கினுதான் இருக்கான்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அந்த மாமன் பையனைப் பற்றிப் பேச்சு வந்தாலே குமுதா பாட்டுப் புத்தகத்தை விசிறியாக்கி வேகமாக வீசிக்கொள்ள ஆரம்பித்துவிடுவாள்.

குமுதாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு ஒரு அம்மன் பாட்டு. ஆறுமுகம் மெட்டுப் போட்டது. ஏழு எண்ணிக்கைச் சுற்று. ஒவ்வொரு சரணத்துக்கு முன்னாலும் அரைச் சுற்றுக்குத் தபேலா தனியாக உருட்டும். மூன்றரை எண்ணிக்கை. அது முடிகிற நொடியில் குமுதா மேல் சுருதியில் எடுப்பாள். கூட்டம் அந்த இடத்துக்காகவே காத்திருக்கும். ஆறுமுகம் இருந்தவரை ஒருநாளும் பிசகியதில்லை.

அந்தப் பாட்டைக் கம்ப்யூட்டரோடு முதல்முதலாக வாசித்தது வானூர் திருவிழாவில். எங்களுக்குக் கச்சேரிதான் ஒத்திகை. தனியாக ஒத்திகை பார்க்கிற பழக்கமில்லை. பல்லவி கச்சிதமாக வந்தது. உருட்டல் வந்தது. குமுதா எடுத்தாள். கம்ப்யூட்டர் அவளுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. அவள் தடுமாறி ஓடிப் பிடித்தாள். அடுத்த சரணத்திலும் அதே கதை. மூன்றாவது சரணத்தில் அவள் அவசரப்பட்டு முன்னால் குதிக்க, அது வேறு மாதிரி கோணலாகி, முன் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். மாஸ்டரின் டெஸ்டர் குமுதா பக்கம் நீண்டது. விளக்கு எரியவில்லை.

கச்சேரி முடிந்து சேகர் வந்து நின்றார். "எப்டி?" என்றார். மாஸ்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். தலை ஆடவில்லை. சேகர் மொபெட்டைத் திருப்பினார்.

"திண்டிவனம் கச்சேரி ஒத்துக்கினு இருக்கு. வாக்கு குடுத்தாச்சி, பாடிடட்டும்" என்றார் பிறகு. "அன்னிக்கும் இப்டின்னா போதுங்க. வுட்டுடலாம்."

சட்டப்படி குமுதாவை எங்கள் வேனில், முன் சீட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். சேகர் மொபெட்டில் பின்னாலேயே வந்தார். குமுதா கையால் தொடையில் தட்டிக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பாடினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் மூன்றரைதான். இம்மி பிசகவில்லை.

"அக்கா" என்றாள் என் காதருகில். "நான் சரியாத்தான் எண்ணிக்கினு வர்றேன். அது முன்னாடி பூடுது."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, உருட்டல் எத்தனை எண்ணிக்கை என்று திரையில் காட்டச் சொன்னேன். மூன்று என்று காட்டியது. ஏழில் பாதி மூன்று! கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல் சொன்னது. நாலில் பாதி இரண்டு, ஆறில் பாதி மூன்று, எட்டில் பாதி நாலு. எல்லாம் சரியாக இருந்ததால்தான் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பட்டியலிலேயே ஏழு எண்ணிக்கைப் பாட்டு அது ஒன்றுதான். மாஸ்டர் புள்ளியை விலக்கி வைத்தார், அந்த அரை எண்ணிக்கை குமுதாவின் தலையில் விழுந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

காலையில் முதல் வேலையாக மாஸ்டருக்குப் போன் செய்தேன்.

"தப்பு குமுதா மேல இல்ல மாஸ்டர். பெட்டி அரை எண்ணிக்கைய முழுங்குது. ஒரு புள்ளி வெச்சா சரியாப்பூடும்."

"மத்த பாட்டெல்லாம் சரியா வருதா?"

"வருது, ஆனா..."

"அப்ப பெட்டி சரிதான். ஒரு ஆளுக்கு மட்டும் கெட்டுப்போவுமா பெட்டி?"

போனை வைத்துவிட்டார். இந்தத் தர்க்கத்துக்கு என்னிடம் பதில் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. சரி, சொல்லாமலே செய்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். சுற்றை இரண்டால் வகுத்த விடைக்கு அடைப்புக்குறி போட்டு, அதன் பின்னால் ஒரு டாலர், ஒரு ஃப்ளோட். மாஸ்டருக்குத் தெரியாமல் அவருடைய மேடைக்கு ஒரு புள்ளியைக் கடத்திக்கொண்டு போகிற சந்தோஷத்தில், அதை வாசித்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

திண்டிவனத்தில் கல்யாண மண்டபம். வானூரில் நடந்ததற்காக மாஸ்டரே அன்று மத்தியானம் ஒத்திகை வைத்தார். நான் நமட்டுச் சிரிப்போடு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பல்லவி, உருட்டல், குமுதா எடுத்தாள். கம்ப்யூட்டர் மறுபடியும் அவளுக்கு முன்னால் ஓடியது. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. டெஸ்டர் நீண்டது.

"பாண்டிச்சேரியிலேர்ந்து ஒரு பொண்ணு வருது" என்றார் மாஸ்டர், யாரையும் பார்க்காமல். "பஸ் ஏறிட்டுது. அந்தப் பாட்ட அது பாடட்டும். குமுதா கோரஸ்ல நிக்கட்டும்."

குமுதா மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு மேடை ஓரம் போய், செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். சாயங்காலம் சேகர் வருவார், எப்டி என்பார், தலை ஆடாது, எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கவலையில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மாஸ்டரிடம் நியாயம் பேசிப் பிரயோசனமில்லை. ஆனால் மாஸ்டருக்கும் ஒரு பலவீனம் உண்டு. அவர் பாடுவார். ஒவ்வொரு கச்சேரியும் அவருடைய பிள்ளையார் பாட்டில்தான் தொடங்கும். நாலு எண்ணிக்கை. அதில் அவர் பிசகியதே இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"மாஸ்டர், பாண்டிச்சேரிப் பொண்ணுக்கு இந்த எடம் புதுசு" என்றேன் குரலில் தேனைத் தடவிக்கொண்டு. "நீங்க ஒரு தடவ பாடிக் காட்டினீங்கன்னா நான் டேப்ல புடிச்சிக்கிறேன். அது வந்ததும் போட்டுக் காட்டிடலாம். உங்க அளவுக்கு எடுப்பு யாருக்கு வரும்?"

கிட்டார்காரர் இருமினார். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். மைக்கைப் பிடித்து, பழக்கதோஷத்தில் ஒருமுறை "விக்கிரவாண்டி" என்றார். டெஸ்டரை ஆட்டினார். நான் பெட்டியைத் தட்டிவிட்டேன்.

உருட்டல் முடிந்தது. மாஸ்டர் எடுத்தார். கம்ப்யூட்டர் முன்னால் போய்விட்டது. நிறுத்தச் சொன்னார். "ஆரம்பத்துலேர்ந்து" என்றார். மறுபடியும் அதே. அவர் ஆறுமுகத்தோடு பல வருடம் மேடை ஏறியவர். மூன்றரை எங்கே முடியும் என்று அவர் ரத்தத்துக்கே தெரியும். அதனால்தான் சரியாக, குமுதா பிசகிய அதே இடத்தில், அதே அளவு பிசகினார். மூன்றாவது தடவையும் அப்படியே ஆனது. எல்லோர் கண்ணும் டெஸ்டர் மேல். யார் பக்கம் நீட்டுவது? தன் பக்கம் நீட்டிக்கொள்ள அவருக்கு வழியில்லை. டிரைவர் மெதுவாக, "மாஸ்டர், முன் சீட்டக் காலி பண்ணி வெக்கட்டுமா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. கிட்டார்காரர் மேடையிலிருந்து இறங்கி வெளியே போய்ச் சிரித்தார். மாஸ்டர் டெஸ்டரை மெதுவாகச் சுழற்றி மானிட்டர் பக்கம் நீட்டினார்.

"இன்னா சொல்லுது அது?"

உருட்டலின் அளவைத் திரையில் காட்டச் சொன்னேன். மூன்று, ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் வரிசையாகச் சுழியங்கள். மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

"புள்ளி வெச்சிக்கிற."

"வெச்சேன் மாஸ்டர்."

"நான் வாணாம்னேன்."

"வாணாம்னீங்க."

"வெச்சும் அரை வரல."

அதுதான் எனக்கும் புரியாமல் இருந்தது. அந்தச் சுழியங்களையே வெறித்துக்கொண்டிருந்தேன். பிறகு பளிச்சென்று பட்டது. நான் டாலரைப் போட்ட இடம் தப்பு. ஏழை இரண்டால் வகுத்து முடித்த பிறகு போட்டிருக்கிறேன். அதற்குள் அரை தரையில் கொட்டிப் போய்விட்டது. மிச்சமிருந்த மூன்றைப் புள்ளி எண்ணாக மாற்று என்றால், அது பாவம் மாற்றியிருக்கிறது, மூன்றுக்குப் பொட்டு வைத்துப் பூ வைத்து நிறுத்தியிருக்கிறது. போன அரையை அது எங்கிருந்து கொண்டுவரும்? வகுப்பதற்கு முன்பே ஏழை மாற்றியிருக்க வேண்டும். டாலரையும் ஃப்ளோட்டையும் அடைப்புக்குறிக்குள் கொண்டுபோய், ஏழுக்கு நேர் பின்னால் நகர்த்தினேன். மூன்று, புள்ளி, ஐந்து, பிறகு சுழியங்கள்.

"குமுதா" என்று கூப்பிட்டேன். "வந்து பாடு."

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்து அவள் பக்கம் நீட்டினார். உருட்டல் ஓடியது, முடிந்தது. அது முடிந்த நொடியில் அவள் குரல் மேலே போனது. கம்ப்யூட்டரும் அவளும் ஒன்றாகப் போனார்கள். மண்டபத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன்.

"ஒரு புள்ளிதானே?" என்றார் மாஸ்டர் என்னிடம் தணிந்த குரலில்.

"ஒண்ணுதான் மாஸ்டர்."

"ஜனங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்."

பாண்டிச்சேரிப் பெண் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பஸ்ஸில் வந்த பேஜாரில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கோரஸில் நில்லம்மா என்று மாஸ்டர் சொன்னதும் நிம்மதியாகச் சாப்பிடப் போனாள். அன்றைய கச்சேரியில் குமுதா அந்தப் பாட்டை இரண்டு தடவை பாட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவையும் கேட்டார்கள். மாஸ்டர்தான் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடவில்லை என்று நிறுத்தினார்.

ஆனால் என் மனம் பாட்டில் இல்லை. மாஸ்டர் மனசு மாறியது சரியான நேரத்திலா, இல்லை என் முதல் டாலர் மாதிரி எல்லாம் கொட்டிப் போன பிறகா என்பதுதான் என் கவலை. வானூரில் ஆடாத தலை சேகர் மனசில் என்ன செய்து வைத்திருக்கிறதோ? சேகர் வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். குமுதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். சேகர் மாஸ்டருக்கு எதிரில் வந்தார்.

"எப்டி?"

மாஸ்டர் இந்தத் தடவையும் தலையாட்டவில்லை. சேகர் முகம் இறுகியது. குமுதா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். அதைத் துணியால் துடைத்தார். குமுதாவின் கையில் கொடுத்தார்.

"இனிமே அத என்னக் கேக்காத தம்பி" என்றார் சேகரிடம். "நான் எப்டின்னு உன் தங்கச்சியக் கேளு."

சேகருக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய மனுஷர் தன் டெஸ்டரைக் கொடுத்திருக்கிறார், அது ஏதோ பெரிய விஷயம் என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். தங்கச்சியின் பையைத் தான் வாங்கி மொபெட்டில் மாட்டிக்கொண்டார். கடலூர் மாமன் பையனுக்கு அடுத்த வைகாசியில் வேறு இடத்தில் முடிந்தது. கச்சேரிக்கு எங்களைத்தான் வைத்தார்கள்.

மாஸ்டர் கடைசிவரை, புள்ளி வைக்கச் சொன்னதே தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை. அவர் ஓய்ந்த பிறகு குழுவைக் குமுதாதான் நடத்துகிறாள். அவளிடமும் அதே டெஸ்டர், அதே சட்டங்கள். மைக்கில் அவள் சொல்வது மட்டும் "மரக்காணம், மரக்காணம்."

இவ்வளவையும் எழுதிப் பிரவீனுக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"அக்கா, படிச்சேன். ஒண்ணு சொல்லணும். அந்த டாலர நான் அப்பவே எடுத்துட்டுத்தான் உங்களக் கேட்டேன். இன்னிக்கி மத்தியானம் திண்டிவனத்துல அம்மன் பாட்டு வந்துதா..."

"குமுதா இன்னா பண்ணா?"

"திரும்பிக்கூடப் பாக்கலக்கா. பாடிக்கினே கைய மட்டும் பின்னாடி நீட்டினாங்க."

"லைட் எரிஞ்சுதா?"

"இல்லக்கா."

"அப்ப கரண்டு மேல தப்பு இல்ல" என்றேன். "இப்ப எங்க இருக்க?"

"வேன்லக்கா" என்றான். "முன் சீட்டாண்ட."

பின்னால் அவன் தொடையில் தட்டுகிற சத்தம் கேட்டது. எண்ணிப் பார்த்தேன். மூன்றரை, சரியாக இருந்தது.